கால் டாலரில் அகஸ்டாவின் மூக்கு

வங்கிக்காரர்கள் புகார் சொன்ன மறுநாள் காலை, பிலடெல்பியாவில் அகஸ்டாவின் மூக்கு பாதியாகக் குறைந்திருந்தது. அவள் புருஷன் லியோபோல்ட் நாணயச்சாலையில் அச்சு வெட்டுகிறவர். புதுக் கால் டாலருக்குச் சுதந்திர தேவி முகம் கேட்டபோது, வீட்டிலேயே ஒரு முகம் இருக்கிறதே என்று பெண்டாட்டியை ஜன்னலோரம் பக்கவாட்டில் உட்காரவைத்து வடித்துவிட்டார். நல்ல எடுப்பான மூக்கு. வினையே அந்த எடுப்புதான். வங்கியில் காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிற்காமல் சரிந்தன. மேலதிகாரி சொல்ல, இவர் அச்சைத் திருத்தி மூக்கைத் தணித்தார். அடுக்கு நின்றது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. காசு ஊரெல்லாம் போயிற்று. ட்ராம் கண்டக்டர் பையிலும் சீட்டாட்ட மேசையிலும் கப்பல்துறைக் கூலிகளின் கால்சட்டையிலும் அது உரச உரச, இங்கே வீட்டில் ஸ்கிராப்பிள் என்கிற பன்றிக்கறி வில்லை பொரித்துக்கொண்டிருந்தவளுக்குப் புருவம் போயிற்று, பிறகு காதோர முடி, பிறகு முகவாய்க் குழி. சம்பள நாளென்றால் கன்னம் எரியும்.

"என்னடி, இன்னைக்கு எந்த ட்ராம்ல சுத்திட்டு வந்தே?" என்பாள் பக்கத்து வீட்டு ஹனோரா.

"எல்லா லைன்லயும்தான்டி" என்பாள் அகஸ்டா, உட்கார இடம் தேடிக்கொண்டே.

ஒருநாள் புருஷனிடம் கேட்டாள். "காசுல வேற முகத்தைப் போடச் சொல்லுங்களேன். எனக்கு இருக்கிறதாவது மிஞ்சட்டும்."

"இருபத்தஞ்சு வருஷம் ஆகாம மாத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்கே, அகஸ்டா."

காத்திருந்தார்கள். அதற்குள் அவர்களுடைய மகள்கள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போனார்கள், குதிரை வண்டி போய் மோட்டார் வந்தது. கெடு முடிந்ததும், இன்னொரு பெண்ணை உட்காரவைத்துப் புது தேவி வடிக்கலாம் என்று நாணயச்சாலையில் பேச்சு வந்தது. லியோபோல்ட் வந்து சொன்னதும் அகஸ்டாவுக்குக் கோபம்.

"இன்னொருத்தி மூஞ்சியையும் கெடுக்காதீங்க! செத்துப்போன ஜனாதிபதி யாரையாவது போடுங்க. தேய்ஞ்சா அவருக்கு வலிக்கவா போகுது?"

அவர் போய் அப்படியே சொன்னார். அப்படியே ஆயிற்று.

புதுசு வந்தால் பழசு உடனே நின்றுவிடுமா? கைமாறிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் அகஸ்டாவுக்கு ஒரு கண்ணும் உதட்டுக் கோடும் மிஞ்சின. தன் விரலும் பட்டால் இன்னும் தேயுமே என்று லியோபோல்ட் அத்தனை வருஷமும் அவள் முகத்தில் கை வைத்ததில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம், சர்ச்சிலிருந்து வந்து இருவரும் அசந்து உட்கார்ந்திருந்தபோது மெல்லக் கேட்டார்.

"தொடலாமா?"

"தொடுங்க. ஊரே தொட்டாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

தொட்டார். வழுவழுவென்று இளஞ்சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு இருவரும் சூப் குடிக்கப் போனார்கள்.