இலை மேல் இலை

"மேல வந்து வாயைத் திறக்கக் கூடாது, புரியுதா?" ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டபடி சொன்னார் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்.

பின்சீட்டிலிருந்து இறங்கினான் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி. வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவன்.

"நான் என்ன மாமா பேசப் போறேன்? என் வேலையைப் பாத்து அவங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும், அவ்வளவுதான்."

"பெரிய வேலை! ஒரு பொட்டு வெள்ளியைச் சுரண்டி எடுத்த. அதுக்கு மாலை மரியாதையா?"

மச்சான் சிரித்துக்கொண்டான்.

டயர் கடைக்கு மேலே, ரப்பர் வாசனை ஏறிவரும் அறையில்தான் நாணயச் சங்கம் கூடும். இன்று யாரும் வழக்கம்போல் அரட்டை அடிக்கவில்லை. ஸ்பெயின் மன்னர்கள் தங்கள் காலனிகளில் அடித்த பழைய வெள்ளிக் காசுகளுக்குப் போலி செய்து யாரோ ஊருக்குள் விட்டுக்கொண்டிருந்தார்கள். அசல் வெள்ளி, அசல் எடை. நாலைந்து உறுப்பினர்கள் ஏமாந்துவிட்டார்கள். அடிக்கிறவன் யார் என்று தெரியாமல் ஆளுக்கு ஆள் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகம் முறைத்தவர் செயலாளர். சங்கத்தில் அவருக்குப் பெயரே 'சந்தேகம்'. டீ கிளாஸைக்கூடத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். போன கூட்டத்தில், கண்ணாடிக் கடைக்காரரின் காசை எட்ட நின்று பார்த்தபடியே, "இதுவும் அந்தக் கும்பல் சரக்கு மாதிரியில்ல இருக்கு" என்று சொல்லி வைத்தார்.

கடைக்காரருக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மீசை அரும்பிய நாளிலிருந்து அவர் சேர்ப்பது இந்தக் காசுகளைத்தான். மனைவி நகைக்கடைப் பக்கம் திரும்பினால் இவர் பழைய சாமான் கடைப் பக்கம் திரும்புவார். அதிலும் இந்த ஒன்று, அலைகளுக்கு நடுவே இரண்டு தூண், தூண்களுக்கு நடுவே இரண்டு உலக உருண்டை, மேலே கிரீடம் என்று இருக்கும் இந்த எட்டு ரியால் ஸ்பெயின் காசு, அவருக்குப் பெறாத பிள்ளை.

"வெளியூர் நிபுணரை வரச் சொல்லுங்கய்யா! போலின்னு அவங்க சொன்னா என்னைப் போலீஸ்லயே பிடிச்சுக் குடுங்க!" என்று கத்திவிட்டு வந்திருந்தார்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் காசின் விளிம்பு. சுற்றிலும் இலை இலையாகச் செதுக்கல். அந்தக் காலத்தில் இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே காசை உருட்டித்தான் அந்த இலைகளைப் பதித்தார்கள். ஒரு பட்டை ஒரு பாதிக்கு, இன்னொன்று மறு பாதிக்கு. இரண்டு பதிப்பும் சந்திக்கும் இடத்தில் இலை மேல் இலை ஏறிக் குழம்பியிருக்கும், எதிரெதிராக இரண்டு இடத்தில். போலி அடிக்கிறவனுக்கு இது தெரியாது. அவன் விளிம்பை அழகாகச் செய்துவிடுவான், மாட்டிக்கொள்வான்.

இவர் காசில் அந்தக் குழப்பம் இரண்டு இடத்திலும் பளிச்சென்று இருந்தது. ஒரே ஒரு குறை. எவரோ கொக்கி வைத்துக் கழுத்தில் போட்டிருந்ததால், கொக்கி போன இடத்தில் விளிம்பில் ஒரு வெள்ளிப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கத்தான் மச்சானின் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினார். கடையில் ஒருவரின் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டே போனில் சொன்னார்: "விளிம்பைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுடா."

இன்று காலை காசு ஒரு டப்பாவில் திரும்பி வந்தது. திறந்தார். தூண் இருந்தது, கிரீடம் இருந்தது, பொட்டு இல்லை. மூடிவிட்டார்.

நிபுணர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். எடை பார்த்தார். முகப்பைப் பார்த்தார். "ம்" என்றார். கடைக்காரர் சந்தேகத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அம்மாள் காசை நிமிர்த்திப் பிடித்து லென்ஸுக்கு முன்னால் மெல்ல உருட்டினார். ஒரு சுற்று. மறுபடி ஒரு சுற்று.

"விளிம்பு ரொம்ப அழகா இருக்கு" என்றார்.

"ஆமாம்மா" என்று சொல்ல வாயெடுத்த கடைக்காரர் அப்படியே நின்றார். ரொம்ப அழகா?

"ஒரு இடத்துலகூட இலை மேல இலை ஏறல. மன்னிக்கணும் சார். இது போலி."

அவர் காசைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர், காலையில் பார்க்காததை இப்போது பார்த்தார். இலை, இலை, இலை. வகிடு எடுத்தது மாதிரி. குழப்பம் இருந்த இரண்டு இடமும் துடைத்துவிட்டாற்போல் இல்லை.

உண்மையைச் சொல்லலாம். ஆனால் சொன்னால்? இந்த விளிம்பை இவ்வளவு துல்லியமாக வெட்டுகிற கையைத்தான் இந்த அறையே தேடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கை கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அக்காவுக்கு ஒரே தம்பி.

கடைக்காரர் காசை மேசையில் திரும்ப வைத்தார். "யாரோ என்னை நல்லா ஏமாத்திட்டாங்க. என்னைச் சங்கத்துலருந்து நீக்கிடுங்க."

"அதுக்கென்ன, நீக்கிட்டாப் போச்சு" என்றார் சந்தேகம். "யார் அந்த யாரோ?"

"ஏமாத்துனாங்களா?" பின்னாலிருந்து நாற்காலி கிறீச்சிட்டது. மச்சான் எழுந்துவிட்டான். "என்ன மாமா இப்படிச் சொல்றீங்க? நான் ராப்பகலா உக்காந்து பண்ணினது!"

"டேய், உக்காரு."

"இருங்க மாமா. ரெண்டு பக்கமும் இலை ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கண்றாவியா கெடந்துச்சு சார். அதைச் சீவி, வெள்ளி வெச்சு நிரப்பி, புதுசா இலை வெட்டினேன். சரி பண்ணச் சொன்னாரு, பண்ணினேன். அம்மாவே அழகுன்னு சொல்லிட்டாங்களே!"

அறையில் எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

"அம்மா, அவன் சொல்றது நெஜம்" என்றார் கடைக்காரர். "அந்த ரெண்டு இடமும் இருந்துச்சு. நான் பாத்திருக்கேன்."

"இருந்திருக்கலாம்" என்றார் நிபுணர், காசிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப இல்லையே சார். இல்லாததை நான் எப்படிப் பாக்கறது?"

சந்தேகம் கதவுப் பக்கம் போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். குரலில் தேன் சொட்டியது. "அடடா, என்ன கை தம்பி உங்க கை! மெஷின் இல்லாமலா?"

"கையாலதான் சார்."

"இன்னொண்ணு வேணும்னா?"

"காசைக் குடுங்க, இதே மாதிரி பண்ணித் தரேன். எத்தனை வேணும்?"

கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

சந்தேகம் போனைக் காதில் வைத்திருந்தார். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. "ஆமா சார், ஆள் இங்கயேதான் இருக்கான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"தம்பி, பட்டறை எங்க இருக்கு?"

மச்சானுக்கு வாயெல்லாம் பல். மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, கேட்டீங்களா? விலாசம் கேக்கறாரு."

அவர் என்னவோ சொல்ல வாயைத் திறப்பதற்குள், தெருப் பெயரிலிருந்து ஆரம்பித்து, மாடிப்படி எந்தப் பக்கம் என்பது வரை அவன் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.