யாரும் ஏறாத மலையில் அம்மை

ஐப்பசி மழையில் ஆற்றுப் பாலம் போய்விட்டது. பாலம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு மரத்தடிகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். அது இல்லையென்றால் குரங்கணிக்கு மேலே இருந்த அந்த ஏலத்தோட்டத்துக்கு ஒருவரும் ஏற முடியாது, அங்கிருந்து ஒருவரும் இறங்கவும் முடியாது. அரிசி லோடுகூட நின்றுபோயிற்று. மூன்று வாரத்துக்கு மேல் அப்படித் துண்டாகிக் கிடந்த இடத்தில், சுருளி என்ற எட்டு வயதுப் பெண்ணுக்கு அம்மை கண்டது.

எங்கிருந்து வந்தது? அதுதான் எனக்குப் புரியவில்லை.

1957-ஆம் வருஷம். நான் போடியில் சுகாதார இன்ஸ்பெக்டர். எங்காவது பெரியம்மை என்று பேச்சு வந்தால் ஓடிப்போய்ப் பார்ப்பது, சுற்றியிருப்பவர்களுக்கு அம்மை குத்துவது, மேலே தகவல் சொல்வது என் வேலை. புது மரத்தடி போட்டதும் தோட்டத்துக் கங்காணி உக்கிரபாண்டி ஆள் அனுப்பியிருந்தார். கூலியாட்கள் குடியிருக்கும் லயனில் வைசூரி, ஒரு பிள்ளைக்கு வந்து இப்போது மூன்று பிள்ளைக்கு ஆகிவிட்டது, வெரசாக வாருங்கள் என்று. அட்டைக்கடிக்குப் புகையிலைச் சாற்றைக் காலில் தடவிக்கொண்டு ஏறினேன்.

லயனில் இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே இரண்டு பையன்கள். அம்மைதான். முதலில் கண்ட பெண் எங்கே என்று கேட்டேன். அடுத்த வீட்டு ஆயம்மாள் ஸ்டோருக்குப் பின்பக்கம் முகத்தை மட்டும் திருப்பிக் காட்டினாள். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அதன் பின்னால் விறகுக் கொட்டகை. கூரை உண்டு, சுவர் ஒரு பக்கம்தான். ஈர விறகின் மேல் சாக்கை விரித்துச் சுருளியைப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் தாய் மருதாயி இன்னொரு சாக்கைத் தூக்கிப் பிடித்துச் சாரலை மறைத்துக்கொண்டு நின்றாள். எத்தனை நேரமாக அப்படி நின்றாளோ, சாக்கைக் கை மாற்றிக்கொண்டேயிருந்தாள். கஞ்சிச் சட்டியைத் தூரத்தில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், நாய்க்கு வைப்பதுபோல.

குழந்தையின் உடம்பைப் பார்த்தேன். பெரியம்மையில் முத்துகள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். முகத்திலும் கைகாலிலும் அடர்த்தியாக வரும், உள்ளங்கையில்கூட வரும். இவளுக்கு நெஞ்சிலும் முதுகிலும்தான் அதிகம். ஒன்று சிவப்புப் புள்ளி, பக்கத்தில் ஒன்று தண்ணீர் கோத்த கொப்புளம், அதற்கடுத்து ஒன்று பொருக்குத் தட்டிக் காய்ந்தது. மூன்று பருவமும் ஒரே இடத்தில். இது சின்னம்மை. பெரியம்மை இல்லை.

கங்காணியைத் தேடிப் போனேன். ஸ்டோர் வாசலில் பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய கனத்த ஆள்.

"வைசூரி இல்லைங்க. சின்னம்மை. கொஞ்ச நாள்ல காஞ்சு உதிர்ந்துரும். அந்தப் புள்ளைய முதல்ல வீட்டுக்குள்ள கொண்டாங்க" என்றேன்.

"சின்னதோ பெருசோ, அம்மை அம்மைதான் சார். முதலாளி உத்தரவு வந்துருச்சு. நாளைக்கு விடியவும் ஆத்தாளும் மகளும் இறங்கணும். கணக்கு முடிஞ்சது."

"இந்த மழையிலயா? காய்ச்சலோட குரங்கணி வரைக்கும் நடக்கவிட்டா அந்தப் புள்ளைக்குச் சளி நெஞ்சுல எறங்கும். பொழைக்காது."

"ஏறத் தெரிஞ்சவளுக்கு எறங்கத் தெரியாதாக்கும்?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கொட்டகையிலிருந்து மருதாயி கத்தினாள். "எங்க எறங்கச் சொல்றாருன்னு கேளுங்கய்யா! எம் புருசன் இந்தத் தோட்டத்து மரம் சாஞ்சுதான் செத்தாரு. சிலமலையில வேளார் தெருவுல எனக்கு ஒரு ஓட்டைச் சட்டிகூட மிச்சமில்ல!"

"கேட்டீகளா வாயை?" என்றார் உக்கிரபாண்டி. "அம்மையக் கொண்டாந்தவளுக்கு இம்புட்டு வாய்."

அம்மை கண்ட இடத்திலிருந்து ஆளை நகர்த்தக் கூடாது என்று சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. சொன்னேன். அவர் மறுக்கவில்லை, தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலின் அர்த்தம் எனக்குத் தெரியும். நான் ஆற்றைத் தாண்டும்வரைதான் அந்த உத்தரவு நிற்கும். அதன்பின் லயன்காரர்களே அவளைத் துரத்திவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை இருக்கிறது. பயம் இருக்கிறது. அவள்தான் கொண்டுவந்தாள் என்பது பொய் என்று காட்டினாலொழிய அவளுக்கு அங்கே கூரை இல்லை.

ஆனால் எப்படிக் காட்டுவது? அம்மை மண்ணிலிருந்து முளைப்பதில்லை. கொடுத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். வாங்கியவர் உடம்பில் அது இரண்டு வாரம் போல ஒளிந்திருந்து, பிறகுதான் கொப்புளம் காட்டும். பின்னோக்கிப் போனால், சுருளிக்கு அது ஒட்டிய சமயத்தில் ஆற்றில் பாலம் இல்லை. வெளியாள் இல்லை. லயனில் அத்தனை பேரையும் கேட்டாயிற்று, அதற்கு முன் யாருக்கும் அம்மை கண்டிருக்கவில்லை.

"மூட்டை வந்துச்சுல்ல சார்" என்றார் கங்காணி. "இவளுக்குப் போடிச் சந்தையிலருந்து பழைய சேலை மூட்டை. அதுலதான் வந்திருக்கும்."

"எப்ப வந்துச்சு?"

"ஆடியில."

ஆடியில் வந்த மூட்டைக்கு ஐப்பசியில் அம்மையா? அப்படியே இருந்தாலும், பெரியம்மைப் பொருக்கு துணியில் நெடுநாள் உயிரோடு கிடக்கும், சின்னம்மை அப்படிக் கிடக்காது. அதை அவருக்கு விளக்கினேன். சாயாவை ஒரு மிடறு குடித்துவிட்டு, "அப்ப நீங்களே சொல்லுங்க, எப்படி வந்துச்சு? ஆகாசத்துலருந்தா?" என்றார். சுற்றி நின்றவர்கள் முகத்தில் முடிவு தெரிந்தது. இன்ஸ்பெக்டருக்கும் தெரியவில்லை, அப்படியானால் இவள்தான்.

அந்த நேரத்தில் ஸ்டோரில் அடுப்பெரிக்கும் வீரணன் விறகுக்கட்டோடு உள்ளே நுழைந்தான். கட்டின் முனை கங்காணியின் வலது இடுப்பில் லேசாக உரசியது. அவ்வளவுதான். அவர் துள்ளி எழுந்தார்.

"அடேய்! கண்ணு பொடனியிலயா இருக்கு ஒனக்கு!"

"தொட்டதுக்கே இந்தக் குதியா?" என்று முணுமுணுத்துக்கொண்டு வீரணன் உள்ளே போய்விட்டான். அவ்வளவு கனத்த ஆள் ஒரு உரசலுக்கு ஏன் துடிக்க வேண்டும்? அவர் வேட்டி மடிப்பைப் பார்த்தேன். துவைத்தும் போகாத செங்காவிக் கறை.

"இடுப்புல என்னங்க?"

"ஒண்ணுமில்ல சார். அக்கி வந்துச்சு. ஆறிப்போச்சு. எரிச்சல்தான் இன்னும் விடமாட்டேங்குது."

"எப்ப வந்துச்சு?"

"பாலம் போன கையோட. படுக்க முடியாமத் துடிச்சுப் போனேன்."

மதுரையில் பயிற்சியின்போது ஒரு டாக்டர் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தார். பெரியவர்களுக்கு அக்கி வந்த வீடுகளில் பிள்ளைகளுக்குச் சின்னம்மை காண்பதை வெளிநாடுகளில் கவனித்திருக்கிறார்கள், நரம்பில் ஒளிந்திருந்த பழைய அம்மைதான் அக்கியாகக் கிளம்புகிறது என்கிறார்கள் என்று. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அக்கி எழுதுனீங்களா?" அக்கிக் கொப்புளத்தின் மேல் காவியைக் கரைத்து எழுதுவது வழக்கம், மண்பாண்டம் செய்யும் வேளார்தான் எழுதுவார்கள்.

"எழுதாம? காவி ஸ்டோர்ல இருந்துச்சு."

"யாரு எழுதுனது? அக்கி எழுத வேளார் கை வேணும்பீங்களே. பாலம் இல்லாம எந்த வேளார் ஏறி வந்தாரு?"

உக்கிரபாண்டி சாயாக் குவளைக்குள் பார்த்தார். ஆயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நீங்களா சொல்றீகளா, நான் சொல்லவா கங்காணியாரே?"

"ஒன் சோலியைப் பாரு."

"இதும் எஞ் சோலிதான். எங்க லயத்துலயும் புள்ளைக இருக்கு." என் பக்கம் திரும்பினாள். "சுருளிதான்யா எழுதுச்சு. இந்த மலையில வேளார் வீட்டு ஆளுன்னா இவுக ரெண்டு பேருதான். மருதாயிதான் எழுதுறேன்னு காவியக் கரைச்சுக்கிட்டு வந்தா. தாலியறுத்தவ கை என் மேல படக்கூடாது, மகளை அனுப்புன்னு சொல்லிட்டாரு. எழுதக் கோழி இறகு அகப்படல. புள்ள விரலாலயே எழுதுச்சு. இப்பப் படுத்துருக்கிற ரெண்டு பயலுகளும் காவிச் சட்டியப் பிடிச்சுக்கிட்டு அது கூடவே நின்னானுக. மூணு நாளு, அந்தக் கொப்புளத்து மேல."

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல? அத்தனை பேரையும் கேட்டேனே!"

"நீங்க அம்மையைல்ல கேட்டீக? இது அக்கி. அது ஆத்தா வர்றது, இது சூட்டுல வர்றது. ரெண்டுக்கும் என்ன இருக்கு?"

அவள் மேல் தப்பில்லை. எங்கள் இலாகாவும் அப்படித்தான் நினைத்தது. அம்மையை எண்ணச் சொன்னது, அக்கியை எண்ணச் சொல்லவில்லை.

எனக்கு ஆத்திரம்தான். ஆனாலும் அவர்களுக்குப் புரியாமல் கத்தி என்ன பயன்? ஸ்டோர் கதவை அகலத் திறந்தேன். உள்ளே வாசலை ஒட்டி அடுப்பு. அதன் சூட்டைத் தகரக் குழாய்கள் உள்ளறைக்குக் கொண்டுபோகும். அந்தச் சூட்டில்தான் காய் உலரும்.

"வீரணா, காய் இல்லாத நாள்ல அடுப்பை என்ன பண்ணுவ?"

"கங்கை சாம்பல் போட்டு மூடிருவேன். மறுநாள் கிளறி ஊதுனா பத்திக்கிரும்."

"கங்காணி, சின்ன வயசுல உங்களுக்கு அம்மை வந்திருக்கா?"

"வந்துச்சு. அதுக்கென்ன? எல்லாத்துக்கும் வர்றதுதான."

"அது போகல. மேல இருக்கிற கொப்புளந்தான் காஞ்சுது. அம்மைக் கிருமி உங்க முதுகுத்தண்டு ஓரத்துல, நரம்பு கிளம்புற எடத்துல, சாம்பல் மூடின கங்கு மாதிரி கிடந்துச்சு. வயசாகி ஒடம்பு தளரவும் பத்திக்கிருச்சு. அடுப்புச் சூடு எந்தக் குழாய் வழியாப் போகுதோ அந்தக் குழாய் ஓரந்தான காய் கருகும்? அதே மாதிரி ஒரு நரம்பு வழியா வந்து, ஒரு பக்கத்து இடுப்புல மட்டும் பட்டையாக் கொப்புளம் போட்டிருக்கு. அதான் அக்கி. அந்தக் கொப்புளத்துத் தண்ணியில இருக்கிறது அதே அம்மைக் கிருமி. முன்ன அம்மை வராத புள்ள விரலை வச்சு அதுல தேய்ச்சா, அதுக்கு அக்கி வராது, அம்மைதான் வரும்."

"முப்பது நாப்பது வருசம் தூங்குச்சாக்கும்?" என்றார் கங்காணி. ஆனால் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப இவரு இடுப்புலருந்துதான் சுருளிக்கும், எம் மகனுக்கும்" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். சற்று முன் சிரித்த இருவரில் ஒருவர்.

மருதாயி கொட்டகையிலிருந்து வந்து நின்றாள். தாடையிலும் கழுத்திலும் ஒன்றிரண்டு பழைய சின்னம்மைத் தழும்புகள் இருந்தன.

"ஒங்களுக்கு எப்ப வந்துச்சு தாயி?" என்று கேட்டேன்.

"சுருளி வயசுல."

"அப்ப நீங்க எழுதியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. ஒரு தடவை சின்னம்மை கண்டவங்களுக்கு அது மறுபடி தொத்தாது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. உக்கிரபாண்டியைப் பார்த்தாள்.

"கேட்டியா கங்காணி? எங் கை ஆகாதுன்ன. எங் கை பட்டிருந்தா எம் மக இன்னைக்கு ஓடியாடிக்கிட்டு இருந்திருப்பா. ஒன் சீக்கை எம் மகளுக்குக் குடுத்துட்டு, அவளையே விறகு மேல போட்டுட்டியேய்யா. அந்தச் சட்டியத் தூரமா வைக்கச் சொன்னதும் நீதான? இப்ப நான் ஒனக்கு எங்க சட்டி வைக்கட்டும்?"

"தெரிஞ்சா செஞ்சேன்?" என்றார் அவர். தெரியாமல் செய்தார், உண்மைதான். அக்கி விஷயத்தில் அவர் அறியாதவர். ஆனால் காய்ச்சலில் கிடந்த குழந்தையை மழையில் போட்டது அறியாமல் செய்ததல்ல. இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். என் குரல் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்கும். சொன்னதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

ஆயம்மாளும் வீரணனும் சுருளியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டில் படுக்க வைத்தார்கள். நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. மறுநாள் விடிந்தது. யாரும் இறங்கவில்லை. பெண்ணுக்குக் காய்ச்சல் விட்ட பிறகுதான் நான் இறங்கினேன்.

போடியில் என் மேலதிகாரியிடம், இனி அக்கியையும் கேட்டு எண்ண வேண்டும் என்றேன். "பெரியம்மைக்கே ஆள் இல்லை, அக்கியை யாரய்யா எண்ணச் சொன்னது?" என்று காகிதத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. நானாகவே எண்ண ஆரம்பித்தேன். அதற்கு வழியும் எளிது. அக்கி வந்தவர் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை, எழுதுபவரிடம்தான் போகிறார். ஆகவே போடியிலும் சிலமலையிலும் அக்கி எழுதும் வேளார் வீடுகளுக்கு வாரம் ஒரு முறை போய், யாருக்கு எழுதினீர்கள் என்று கேட்டேன். சொன்னார்கள். அந்த வீடுகளுக்குப் போனேன்.

மாசியில் அதே தோட்டத்தில் வீரணனுக்கு முதுகில் அக்கி வந்தது. மருதாயி எழுதினாள். லயனில் ஒரு பிள்ளைக்கும் அம்மை காணவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். யாரும் வராத இடத்தில் சின்னம்மை கண்டால், அங்கே பெரியவர் யாருக்கு அக்கி வந்தது என்று கேட்க வேண்டும். அக்கி வந்தவர் பொருக்குத் தட்டிக் காயும்வரை அந்த இடத்தைச் சுத்தமான துணியால் மூடி வைக்க வேண்டும். சின்னம்மை காணாத பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அதைத் தொடக் கூடாது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் சின்னம்மை கண்டு மீண்டவர் எழுதட்டும், எழுதியபின் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அந்தக் கை தாலி கட்டிய கையா, அறுத்த கையா என்று பார்க்க வேண்டியதில்லை.