பதினோராம் பாத்தி

பீங்கான் பலகையைப் பழைய செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் உயிர் வந்தது. 'இப்பாசனம், என் ஆசிரியர் தேவநாதன் அவர்களுக்கு நன்றியுடன்' என்று நீல எழுத்தில் எழுதிச் சுட்ட பலகை. அப்பா வேலை பார்த்த சூளைக்குப் பக்கத்திலேயே சொல்லிச் செய்தது. நியூசிலாந்திலிருந்து போனிலேயே மூன்று தடவை எழுத்துப்பிழை பார்த்தேன். நன்றி சொல்வதில் பிழை வந்துவிடக் கூடாது, பாருங்கள்.

பன்னிரண்டாவதில் நான் விவசாய குரூப். ஆளுக்கொரு பாத்தி, அதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. விளைச்சலைப் பார்த்துத்தான் செய்முறை மார்க் போடுவார்கள். என்னுடையது பதினோராம் பாத்தி. பூத்து, விழுது இறங்கும் சமயத்தில் அப்பா சூளையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தோம். அந்த வருடம் தையில் ஒரு சொட்டு மழை இல்லை. பாத்தியும் போச்சு, படிப்பும் போச்சு என்றுதான் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று நிற்கிறது! அந்த மார்க்கில்தான் டிப்ளமோ சீட்டு கிடைத்தது. அதில்தான் வேலை, விமானம், பழத்தோட்டம், எல்லாமே. சாரைத் தவிர வேறு யார் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்? பொங்கலுக்குப் பொங்கல் போன் போட்டு நன்றி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பள்ளித் தோட்டத்தில் நான் அனுப்பிய பணத்தில் வாங்கிய புது மோட்டாரும் சொட்டுநீர்க் குழாயும் தயாராக இருந்தன. ஏற்பாடெல்லாம் ஜெயஸ்ரீ. என்னோடு படித்தவள், இப்போது அங்கேயே விவசாய டீச்சர். தண்ணீர் இல்லாமல் இந்த குரூப்பில் சேரவே பிள்ளைகள் யோசிக்கிறார்கள் என்று எனக்கு மெயில் எழுதியதும் அவள்தான். ஓய்வுபெற்ற சாரையும் வரவழைத்திருந்தாள். பலகையைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடியும் படித்தார்.

"பாசனத்துக்கும் எனக்கும் என்னப்பா சம்மந்தம், ஆனந்தராஜு?"

"அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப என் பாத்திக்கு நீங்கதான சார் தண்ணி ஊத்துனீங்க?"

"அட நீ வேற! அந்தத் தையில எனக்கு அம்மை போட்டு வூட்ல வேப்பெலையில கெடந்தேன்."

"அப்ப வருசா வருசம் நான் சொன்ன நன்றி?"

"பாடம் நடத்துனதுக்குன்னு நெனச்சேன். நல்லாத்தான நடத்துனேன்?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஜெயஸ்ரீ மட்டும் சிரிக்கவில்லை. மோட்டாரைப் பார்க்கப் போகிறவள்போல நகர்ந்தாள். பத்தாம் பாத்தி அவளுடையது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஜெயஸ்ரீ, நீயா?"

"ஒனக்குன்னு யாரு ஊத்துனா? மல்லாட்டைக்கு ஊத்துனேன். கண்ணெதிர்ல காயுது, பாத்துகிட்டு நிக்கறதா? போயி சுவிட்ச போடு."

இருபத்திரண்டு வருடம்! இவளுடைய மெயிலுக்கெல்லாம் 'டியர் மேடம்' என்று பதில் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. நன்றி சொல்ல வேண்டிய ஆள் இதோ பக்கத்திலேயே நின்று என்னை அதட்டுகிறாள்.

"பலகைய மாத்தித் தரேன்" என்றேன்.

"ஒண்ணும் வேணாம். சார் எவ்ளோ ஆசையாப் புடிச்சிருக்காரு, பாரு."

சார் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். அதை இனி யாரால் பிடுங்க முடியும்?

சுவிட்சைப் போட்டேன். கரண்ட் இல்லை. நம்ம ஊர் விழா, வேறெப்படி இருக்கும்! யாரும் சொல்லாமலே பிள்ளைகள் குடத்தையும் பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு அடிபம்புக்கு ஓடினார்கள். அவரவர் பாத்தியில் தண்ணீர் விழுந்தது. ஓரத்துப் பாத்திக்கு மட்டும் ஆள் வரவில்லை.

"இது யாரோடது?"

"வேல்விழின்னு ஒரு பொண்ணு. அவங்க அம்மாவுக்கு ஆபரேசன். கூட கடலூர்ல இருக்குது. ஒரு வாரமா வரல."

மண் ஈரமாகத்தான் இருந்தது. யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். ஜெயஸ்ரீயின் புடவை முந்தானை இடுப்பில் செருகியிருந்தது, கையில் குடம். நான் கையை நீட்டினேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

விழாவுக்கென்று வாங்கிய வேட்டியை மடித்துக் கட்டினேன். முதல் குடத்தில் பாதி என் மேலேயே கொட்டியது. அதற்குள் மோட்டார் உறுமியது.

"கரண்ட் வந்துடுச்சுப்பா, இரு, குழாயிலயே வரும்" என்று சார் கத்தினார்.

காதில் விழாதவன்போல, வெறுங்குடத்தோடு மறுபடியும் அடிபம்புக்கு நடந்தேன்.