படிக்கட்டில் மாட்டிய சோபா

கண்ணாடிக் கடைக்காரரின் புதுச் சோபா, இரண்டாம் மாடித் திருப்பத்தில் மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் மாட்டிக்கொண்டது. அந்தக் கட்டடத்தில் இருந்ததே ஒரு படிக்கட்டுதான். இப்போது அதுவும் இல்லை.

குற்றம் முழுக்க அவருடையது. சகலை வீட்டு விருந்தில் எல்லாரும் கை கழுவப் போன சமயம் பார்த்து, அங்கிருந்த சோபாவை டேப் வைத்து அளந்துகொண்டு வந்தவர் அவர். அதைவிட ஒரு முழம் நீளமாகத் தேக்கில் செய்யச் சொன்னவர், தன் படிக்கட்டை அளக்க மறந்துவிட்டார். சகலைகள் இருவரும் பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுவார்கள். சலாம் கொடுத்துத் தொழுகை முடித்த மறுநொடி, யார் வீடு எத்தனை சதுர அடி என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தேநீருக்கு வரச் சொல்லியிருந்த சகலை சரியாக வந்து, சோபாவுக்குக் கீழ்ப்பக்கம் நின்றார். மேல்பக்கம் கடைக்காரர்.

"என்ன சகலை, ஹாலைத் தூக்கி வெளிய போட்டுட்டீங்களா?"

"காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்."

அப்போது மூன்றாம் மாடியிலிருந்து தையல்காரர் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணே! என் சம்சாரத்துக்கு வலி எடுத்துடுச்சு. உடனே ஆஸ்பத்திரி போகணும், வழி விடுங்க!"

சுமை தூக்குகிறவர்கள் தள்ளினார்கள், இழுத்தார்கள், சோபாவைத் திட்டியும் பார்த்தார்கள். அது அசையவில்லை. "அறுத்தாதான் வரும் முதலாளி" என்று ஒருவர் வண்டியிலிருந்து ரம்பம் கொண்டுவந்தார்.

கடைக்காரர் சோபாவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "தேக்குப்பா... லேசா சாய்ச்சுப் பாத்தா..."

மேலே அந்தப் பெண் அலறினாள்.

பின்னால் நின்ற கடைக்காரரின் மனைவி சொன்னாள்: "கப்ருக் குழிக்குள்ளயும் இதைத் தூக்கிட்டுப் போகப் போறீங்களா? அந்த வாசல்லயும் நுழையாதுங்க."

கடைக்காரர் சட்டைக் கையை மடித்தார். "பிஸ்மில்லாஹ்." ரம்பம் தேக்கில் இறங்கியது.

பாதி அறுப்பதற்குள் மூச்சு வாங்கியது. கீழேயிருந்து ஒரு கை நீண்டது. "இங்க குடுங்க சகலை. நன்மை மொத்தத்தையும் நீங்களே அள்ளிக்கலாம்னு பாக்குறீங்களா?"

"என் சோபா, என் நன்மை. வரிசையில நில்லுங்க!"

"மறு பாதியை நான்தான் அறுப்பேன்!"

அறுத்தார். சோபா இரண்டானது. அந்தப் பெண்ணை மெத்தையோடு தாங்கி இறக்கி, சகலையின் புதுக் காரில் ஏற்றினார்கள். உள்ளே செருப்புக்கூட அனுமதிக்காத மனிதர், "ஏறும்மா, காரு கெடந்தா கெடக்குது" என்று காரை விரட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், தாடியெல்லாம் மரத்தூளாக இருவரும் உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் வந்து பெண் குழந்தை என்றாள். தாயும் நலமாம். "அல்ஹம்துலில்லாஹ்!" தையல்காரர் அழுதுகொண்டே சிரித்து, இரண்டு பேரையும் ஒரே பிடியாகக் கட்டிக்கொண்டார்.

அவர் உள்ளே போனதும் கடைக்காரர் சொன்னார்: "சகலை, இத்தனை வருஷமா உங்களை முந்தணும்னு என்னென்னமோ வாங்கினேன். ஒருநாளும் மனசு இப்படி நிறைஞ்சதில்ல."

"எனக்கும் அதேதான். பொருள்ல முந்தினவன்கிட்ட அல்லாஹ் கணக்குக் கேப்பான். நன்மையில முந்தினவனுக்குத்தான் கூலி குடுப்பான். இனி நமக்குள்ள போட்டின்னா அதுலதான், சரியா?"

"சரி. ஆனா இன்னிக்கு ஜெயிச்சது நான்."

"அதெப்படி? காரை ஓட்டினது யாரு?"

நர்ஸ் எட்டிப் பார்த்து, சண்டை போடுவதானால் வெளியே போய்ப் போடுங்கள் என்றாள்.

இருவரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். பச்சை உடம்புக்காரிக்கு யார் முதலில் சாப்பாடு வாங்கி வருவது என்று வாசலை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.