நாற்பத்தொரு கன்றும் ஒரு சென்சரும்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவொன்றின் மூன்றாம் மாடியில், புஷ்பமலரும் அவள் கணவன் யூட்டும் இருந்தார்கள். போன குளிர்காலம் முழுவதும் அவர்களுடைய படுக்கையறையில் நாற்பத்தொரு கறிவேப்பிலைக் கன்றுகளும் கூட இருந்தன. யன்னல் விளிம்பில், அலுமாரிக்கு மேலே, கட்டிலைச் சுற்றி எல்லாம் சட்டிகள். கட்டிலுக்கு மேலே மட்டும்தான் இல்லை. அதையும் ஒரு நாள் கேட்கப் போகிறாள் என்று யூட் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏன் நாற்பத்தொன்று என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு யூட்டுக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். வைத்தியசாலையும் வீடுமாக மூன்று மாதங்கள் போயின. புஷ்பமலருக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அதை முடித்து ஓடிப்போய் யூட்டின் பக்கத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கதவுப் பிடியில் ஒரு பை தொங்கும். உள்ளே சோறு, பருப்பு, ஒரு மீன் குழம்பு, சில நாளில் புட்டு. யார் யாரோ தங்களுக்குள் பேசி முறை வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று மாதமும் அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பிறகு விசாரித்துப் பார்த்தபோது, முப்பத்தெட்டு வீட்டார். கொலோனில் இருந்துகூட ஒரு குடும்பம் சனிக்கிழமைகளில் வந்து போயிருக்கிறது.

இதற்கு எப்படி நன்றி சொல்வது? ஒரு விருந்து வைக்கலாம். விருந்து சாப்பிட்ட கையோடு முடிந்துவிடும். அவர்கள் தன் பசிக்குக் கொடுத்ததுபோலத் தானும் அவர்களுடைய சட்டிக்குள் போகிற ஒன்றைத்தான் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. குசினி யன்னலில் நின்ற கறிவேப்பிலை மரத்தில் போன வருடம்தான் கறுப்புப் பழங்கள் பழுத்திருந்தன. பிடுங்கி ஊன்றினாள். நாற்பத்தொன்று முளைத்துத் தேறின. முப்பத்தெட்டுச் சட்டிகளில் ஐஸ்கிறீம் குச்சி குத்தி, குச்சியில் வீட்டுக்காரர் பெயர் எழுதினாள். மூன்று சட்டி மேலதிகம்.

மே மாதம் நடு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யூட்டுக்காக நன்றித் திருப்பலி. பூசை முடிய, மண்டபத்தில் வைத்து எல்லாரிடமும் கன்றுகளைக் கொடுப்பதாக ஏற்பாடு. எல்லாருக்கும் சொல்லியும் ஆயிற்று.

வீட்டுக்குப் பின்னால் வேலிக்கு அப்பால், நகரவாசிகள் வாடகைக்கு எடுத்துப் பயிர் செய்கிற தோட்டத் துண்டுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று புஷ்பமலருடையது. அங்கே ஒரு சின்னக் கண்ணாடிக் கூடும் இருந்தது. கன்றுகளுக்குக் கொஞ்சம் வெளிச்சம் பழகட்டும் என்று, மே பிறந்ததும் நாற்பத்தொன்றையும் அங்கே இறக்கினாள். பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் யூட்டுக்குச் சொன்னது மூன்று மாதத்துக்குத்தான். புஷ்பமலர் அதை ஆயுள் முழுவதுக்கும் நீட்டிவிட்டிருந்தாள். அதனால் எல்லாச் சட்டியையும் அவளே தூக்கினாள்.

பக்கத்துத் தோட்டத் துண்டு சாண்ட்ராவுடையது. அதே கட்டடத்தில் கீழ் வீட்டில் இருப்பவள். பஸ் ஓட்டுகிறாள். அவளுடைய தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். சாகும்போது மகளுக்கு ஒரு புறாக்கூட்டையும் இருபது பந்தயப் புறாக்களையும் விட்டுப்போனார். கன்றுகளைக் கண்டதும் சாண்ட்ரா தலையை ஆட்டினாள். மே பதினைந்து தாண்டும் வரை நம்பாதே, ஒரு கடைசி உறைபனி வரும், அதற்காகவே புனிதர்கள் ஐந்து பேரின் பெயரில் நாட்கள் இருக்கின்றன என்றாள்.

புனிதர்கள் விஷயத்தில் புஷ்பமலர் விளையாடுகிறவள் அல்ல. ஆனால் அவளிடம் காலநிலைப் பெட்டி இருந்தது. குசினி மேசையில் நிற்கிற சின்னத் திரை அது. அதற்கு வயரில்லாத வெளிச் சென்சர் ஒன்று உண்டு. தீப்பெட்டி இரண்டை ஒட்டிவைத்த அளவு. அதைக் கண்ணாடிக் கூட்டில் தொங்கவிட்டிருந்தாள். அங்கே ஐந்து பாகைக்குக் கீழே குளிர்ந்தால் குசினியில் பெட்டி கீக் கீக் என்று கத்தும். கத்தினால் ஓடிப்போய்க் கன்றுகளைத் தூக்கி வரலாம். அந்தத் துணிவில்தான் நித்திரை கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால், பெட்டியில் வெளிச் சூடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு மட்டும் கிடந்தது. தட்டிப் பார்த்தாள். யன்னலுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். கோடு கோடாகவே இருந்தது.

யூட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செருப்புப் பெட்டிக்குள் இருந்து விளக்கக் குறிப்பைத் தேடியெடுத்து, ஜெர்மன் எழுத்தைத் திருப்பலி வாசகம்போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பற்றரியைப் பார்க்கவும். தூரத்தைப் பார்க்கவும். இடையில் உலோகம் இருக்கிறதா என்று பார்க்கவும்.

"நேற்றுவரைக்கும் வேலை செய்ததெல்லே," என்றார் யூட். "நேற்று என்ன செய்தனீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. தண்ணி விடேக்க நனைஞ்சு போச்சு. பழுதாப் போகும் எண்டு மூடி வைச்சன். அவ்வளவுதான்."

"எதால மூடினனீர்?"

இரண்டு பேரும் தோட்டத்துக்கு இறங்கினார்கள். புஷ்பமலர் மூடி வைத்ததைப் பார்த்தபோது யூட்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலில் பொலித்தீன் பை, ரிமோட்டுக்குப் போடுவதுபோல. அதற்கு மேலே றப்பர் வளையம். பிறகு அந்த முழுப் பொட்டலத்தையும் நத்தார்ப் பண்டிகைக்கு வந்த நீலத் தகரப் பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து, மூடியும் போட்டிருந்தாள்.

"இது என்ன, கொழும்புக்குப் பார்சல் அனுப்பவோ?"

"நனையாமல் இருக்கட்டும் எண்டுதானே."

"நனையாதுதான். அது கத்தினாலும் வெளியில கேக்காது."

ரின்னை எடுத்துப் போட்டார்கள். சென்சரின் சின்ன முகத்தில் பதினாறு பாகை என்று காட்டியது. உயிர் இருக்கிறது. ஆனால் கொண்டுவந்திருந்த பெட்டி அதைத் தேடிக் களைத்துக் கைவிட்டுவிட்டதுபோல, இன்னும் கோடுதான் காட்டியது.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் சாண்ட்ரா புறாக்களுக்குத் தானியம் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன்னிடமும் அதே பெட்டிதான் இருக்கிறது, ஒரே கிழமை மலிவு விற்பனையில்தானே இருவரும் வாங்கினோம் என்று நினைவுபடுத்தினாள். அவளுடைய சென்சர் புறாக்கூட்டுக்குள் இருந்தது, குஞ்சு பொரித்திருப்பதால். தன் பற்றரிகளும் மாற்ற வேண்டியவைதான், எல்லாவற்றையும் இன்றே மாற்றிவிடுவோம் என்று வீட்டுக்குப் போய்ப் புதுப் பற்றரிப் பெட்டியொன்றும் தன் காலநிலைப் பெட்டியும் கொண்டுவந்தாள். வேலியோரத்தில் உட்காரப் போட்டிருந்த வாங்கில் இரண்டு பெட்டியையும் பக்கம் பக்கமாக வைத்தார்கள். சாண்ட்ரா புறாக்கூட்டுக்குள் போய்த் தன் சென்சருக்குப் பற்றரி போட்டாள். புஷ்பமலர் கண்ணாடிக் கூட்டுக்குள் போய்த் தன்னுடையதற்குப் போட்டாள். யூட் வாங்கிலிருந்த இரண்டு பெட்டிக்கும் போட்டார். ஒரு நிமிடம் கழித்து இரண்டு திரையிலும் எண் வந்தது. ஒன்றில் பதினேழு, மற்றதில் பதினாறு. மூன்று பேரும் கைதட்டாத குறை. அவரவர் பெட்டியை அவரவர் எடுத்துப் போனார்கள்.

அன்று பின்னேரம் வானம் துடைத்து விட்டதுபோல இருந்தது. ஒரு முகில் இல்லை. படுக்கப் போகுமுன் யூட் பெட்டியைப் பார்த்தார். பன்னிரண்டு.

"வெளியில குளிருது மலர். இது பன்னிரண்டு காட்டுது."

"கண்ணாடிக்கூடு சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும். படுங்கோ."

பெட்டி அன்று கத்தவில்லை. காலை ஆறு மணிக்கு எழும்பி வந்து பார்த்தாள். பத்துப் பாகை. மாதாவே நன்றி என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். யன்னல் சீலையை விலக்கினாள். கீழே நின்ற கார்களின் கண்ணாடி எல்லாம் வெள்ளை. தோட்டத்துப் புல் எல்லாம் சீனி தூவியதுபோல வெள்ளை.

பெட்டியைப் பார்த்தாள். பத்து. புல்லைப் பார்த்தாள்.

அவள் படியிறங்கிய வேகத்தை யூட் பிறகு வருவோர் போவோருக்கெல்லாம் சொன்னார். இரவுச் சட்டைக்கு மேலே யூட்டின் ஜக்கெற், காலில் ஒன்று அவள் செருப்பு, ஒன்று அவருடையது. ஓடும்போது அவள் மனதில் கன்றுகள் இல்லை, குச்சியில் எழுதிய பெயர்கள்தான் இருந்தன. மண்டபத்தில் வெறுங்கையோடு நின்று அந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் என்ன சொல்வது?

கண்ணாடிக் கூட்டுக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கதவைத் திறந்தாள். பழைய இறகுப் போர்வைகள் இரண்டு கன்றுகளுக்கு மேலே கூடாரம்போல இழுத்துக் கட்டியிருந்தன. போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். சட்டிகளுக்கு நடுவில், செங்கல்லின் மேலே, பதினொரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சிவப்புக் கூடு போட்ட, மூடி வைத்த விளக்குகள். சேமக்காலையில் கல்லறையில் ஏற்றி வைப்பார்களே, அவைதான். சிலவற்றின் மேலே மண்சட்டி கவிழ்த்துச் சூடாக்கியிருந்தது.

ஒரு கணம், கன்றுகள் செத்துப்போய்விட்டன, அதற்கு யாரோ விளக்கேற்றியிருக்கிறார்கள் என்றே நினைத்தாள். பிறகு கிட்டப் போய் ஒரு இலையைத் தொட்டாள். இலை பச்சை. கசக்கினாள். மணந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. கதவோரத்தில் நின்ற இரண்டு மட்டும் கறுத்துத் தொங்கின. மற்ற முப்பத்தொன்பதும் நின்றன. அவள் அந்தச் செங்கல்லுக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டாள்.

சென்சரில் ஒரு கடதாசி செருகியிருந்தது. பழைய பஸ் நேர அட்டவணையின் பின்பக்கம், சாண்ட்ராவின் சாய்ந்த எழுத்து:

"புஷ்பா, உன் சென்சர் என்னோடு பேசுகிறது. மூன்றரைக்கு எழும்பினால் என் பெட்டியில் 0.9. குஞ்சுகள் செத்தன என்று ஓடினேன். கூட்டில் பத்துப் பாகை, எல்லாம் குறட்டை விடுகின்றன. பிறகு உன் கண்ணாடிக் கூட்டைப் பார்த்தேன், அங்கே 0.9. உன்னை எழுப்ப நேரமில்லை, முதல் பஸ் என்னுடையது. விளக்கு மத்தியானம்வரை நிற்கும். அப்பாவுக்கு வாங்கினது, அவர் கோபிக்க மாட்டார்."

புஷ்பமலருக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. நான்கிற்கும் ஒரே நேரத்தில் பற்றரி போட்டதால் பெட்டிகள் முதலில் கேட்ட குரலைப் பிடித்துக்கொண்டுவிட்டன. புறாக்கள் மூச்சுவிட்டுச் சூடாக்கிய கூட்டை அவள் இரவு முழுவதும் தன் தோட்டம் என்று நம்பிப் படுத்திருந்தாள். பெட்டி ஒழுங்காகவே பிடித்திருந்தால் இரவில் கத்தியிருக்கும். அவளும் எழும்பியிருப்பாள். ஆனால் ஐந்து பாகைக்கு எழும்பி, தனி ஒருத்தியாக நாற்பத்தொரு சட்டியை மூன்று மாடிக்கு இருட்டில் தூக்க வெளிக்கிட்டிருப்பாள். யூட் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார், அந்த நெஞ்சோடு அவரும் தூக்கியிருப்பார். அதை நினைத்தபோதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

யூட் ஒரு கையில் தேநீரும் மற்றக் கையில் அவளுடைய மற்றச் செருப்புமாக வந்து வாசலில் நின்றார். சிவப்பு விளக்குகளைப் பார்த்தார்.

"ஆருக்கப்பா திவசம்?"

அவள் கடதாசியை நீட்டினாள். வாசித்து முடித்ததும் அவர் அதை மடித்து அவளிடமே கொடுத்தார்.

"முப்பத்தொன்பது வீடு எண்டு எழுதும்," என்றார் பிறகு.

பின்னேரம் சாண்ட்ரா வேலையால் வந்ததும் வாங்கில் இருந்துகொண்டு பெட்டிகளைப் பிரித்தார்கள். விளக்கக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்தது: சென்சரின் பற்றரி மூடிக்குள் ஒரு சின்னப் பொத்தான், ஒன்று இரண்டு மூன்று என்று. அயலில் அதே வகை இருந்தால் எண்ணை மாற்றவும். இரண்டு சென்சரும் ஒன்றிலேயே இருந்திருக்கின்றன. சாண்ட்ராவினுடையதை இரண்டுக்குத் தள்ளினார்கள்.

மேலதிகமாக மிஞ்சியிருந்த கன்றைப் புஷ்பமலர் அவளிடம் நீட்டினாள். சாண்ட்ரா இலையை மணந்து பார்த்து, இதை வைத்துத் தான் என்ன செய்வது, உருளைக்கிழங்கு சலாட்டிலா போடுவது என்று கேட்டாள். வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் பத்து வருடமாகக் கேட்க நினைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டு முழுக்க மணக்கிறதே, அந்தப் பொரித்த உருளை வடிவப் பண்டம். அதில் ஒன்று கிடைக்குமா?

"பத்து வரியமா ஏன் கேக்கேல்லை?" என்று புஷ்பமலர் தமிழிலேயே கேட்டுவிட்டாள். பிறகு ஜெர்மனில் சொன்னாள், நாளைக்கு மண்டபத்துக்கு வந்தால் ரோல்ஸ் ஒரு தட்டு நிறைய இருக்கும் என்று.

வந்தாள். முப்பத்தெட்டு வீட்டாரும் கன்றை வாங்கிப் போனார்கள். மூலையில் சாண்ட்ரா ஐந்தாவது ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, கல்லறை விளக்குக் கதையைக் கையால் காலால் சொல்லிக்கொண்டிருந்தாள். மிஞ்சிய கன்றும் குச்சி குத்தி அவள் காலடியில் நின்றது. வேண்டாம் என்றவள், போகும்போது தூக்கிக்கொண்டு போனாள். புறாக்கூட்டு வாசலில் வைக்கலாமாம்.

அடுத்த கிழமை சாண்ட்ராவின் தகப்பனுடைய கல்லறையில் பதினொரு புது விளக்குகள் எரிந்தன. புஷ்பமலரும் யூட்டும் ஏற்றியவை.

இப்போது அவர்களுடைய பெட்டியில் இரண்டு சென்சரின் எண்களும் மாறி மாறி வருகின்றன. இரண்டாவதை எடுத்துவிடலாம், ஒரு பொத்தானை அமர்த்தினால் போதும். யாரும் அமர்த்தவில்லை. கீழ் வீட்டிலும் அப்படியே.

"வெளியில எத்தினை?" என்று காலையில் யூட் படுக்கையில் கிடந்தபடி கேட்பார்.

"எங்களுக்குப் பதினொண்டு," என்பாள் புஷ்பமலர், குசினியில் இருந்து. "புறாக்களுக்குப் பதினாலு. எழும்புங்கோ."