கையை மூடும்வரை

படத்தில் ஆள் விழக் கூடாது. இரண்டு வருஷமாக அந்த லிஃப்ட் மெக்கானிக் போட்டோ எடுக்கப் படித்த பாடத்தையெல்லாம் சேர்த்துப் பிழிந்தால் இந்த ஒரு சொட்டுதான் மிஞ்சும்.

வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, கிரீஸ் நாற்றத்தில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கம்பி வடம் பார்க்கிறவன் அவன். ஏழாவது நாள் வெளியே வந்து வானத்தைப் பார்த்தால் ஆசை வராதா? வந்தது. யாரோ விற்ற பழைய கேமரா ஒன்றை வாங்கினான். ஆரம்பத்தில் அவன் எடுத்த படங்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். தொடுவானம் சரிந்து, ஏரித் தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கமாகக் கொட்டிவிடும் போல இருக்கும். வானம் வெளுத்துச் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். அப்புறம்தான் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தான். குழுவை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொருத்தர் படத்தையும் எடுத்து வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

"இந்தக் கம்பம் எதுக்கு? இந்த சைக்கிள் எதுக்கு? நடுவுல நிக்கிற இந்த மனுஷன் யாரு, உங்க மாமனாரா? தேவையில்லாததைப் பிடுங்கி எறிங்க சார். படம் தானா தேறிடும்."

மெக்கானிக் பிடுங்கி எறியக் கற்றுக்கொண்டான். தொடுவானத்தை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கில் வைக்கக் கற்றுக்கொண்டான். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுக்க வேண்டும், இருட்டாகிப்போனதை வீட்டில் கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போனது போனதுதான் என்பதும் புரிந்தது. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டி, கேமராவை முப்பது நொடி திறந்து வைத்தால் அலையெல்லாம் அடங்கித் தண்ணீர் பாலாகிவிடும். அந்த முப்பது நொடிக்குள் குறுக்கே நடந்து போகிறவர்கள் படத்தில் விழவே மாட்டார்கள். அசையாமல் நிற்பது மட்டும்தான் விழும். இதைக் கண்டுபிடித்த அன்று மனுஷன் தலைகால் புரியாமல் ஆடினான்.

வீட்டில் மூன்று பேர். அவன், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவன் தங்கை, அப்பா.

அப்பா துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் கிரேன் ஓட்டியவர். இப்போது ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. மகள் பேர் போய்விட்டது, மகன் பேர் போய்விட்டது, சாப்பிட்டோமா இல்லையா என்பது போய்விட்டது. போகாமல் நின்றது ஒன்றுதான், கைச்சைகை. துறைமுகத்தில் கீழே நிற்பவன் கை வீசினால் வீசிய பக்கம் பாரம் நகர வேண்டும். அவன் கையைத் தூக்கி முஷ்டியை மூடினால் நிற்க வேண்டும். நடுவில் கிரேன்காரன் சொந்த மூளையை நுழைக்கக் கூடாது. "நிறுத்தச் சொல்லாம ஒரு நாள் நான் நிறுத்தினதில்ல" என்பது அவருடைய பழைய பெருமை.

தங்கைதான் இதைக் கண்டுபிடித்தாள். குளிக்க வாங்கப்பா என்று தொண்டை கிழியக் கத்தினாலும் கட்டிலை விட்டு அசையாதவர், அவள் கதவருகில் நின்று கை வீசியதும் விறுவிறுவென்று எழுந்து வந்தார். அன்றிலிருந்து வீடே துறைமுகம்தான். கை வீசினால் நடப்பார், முஷ்டியை மூடினால் நிற்பார். ஒரு தடவை அவள் கை வீசிவிட்டு, போன் வந்ததென்று உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால், அப்பா நடைவழியின் கடைசிச் சுவரில் மூக்கு இடிக்க, நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் நடந்துகொண்டிருந்தார். மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"கையை மூட மறந்துட்டேன்ணா," என்றாள். "பாவம், கால் மணி நேரம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே நல்ல பனிமூட்டம். குழுவினர் படங்களிலிருந்து பன்னிரண்டைப் பொறுக்கிக் கண்காட்சி வைக்கப் போவதாகப் பல் டாக்டர் சொல்லியிருந்தார். நீர்த்தேக்கத்துக்குப் போக இதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஆனால் தங்கைக்கு அன்று வேலை. அப்பாவை அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சரி, கூட்டிக்கொண்டே போகலாம் என்று முடிவு செய்தான்.

தங்கை அப்பாவின் கம்பளிச் சட்டையில் அறுந்துபோன பட்டனுக்குப் பதிலாக வேறொன்று தைத்தாள். வீட்டில் சின்ன பட்டன் இல்லை. சலவைக்கூடத்துக் கோட்டிலிருந்து விழுந்த பெரிய கறுப்பு பட்டன்தான் இருந்தது. மற்ற பட்டன்களுக்கு நடுவில் அது திருஷ்டிப் பொட்டாகத் தெரிந்தது.

"படம் எடுக்கிற ஜோர்ல அப்பாவை விட்டுடாதே. அவர் மேல ஒரு கண் இருக்கட்டும்."

"ரெண்டு கண்ணும் வைக்கிறேன், போதுமா?"

"நீதான் ஒரு கண்ணை மூடிக்கிட்டே பார்க்கிற ஆளாச்சே," என்று சொல்லிவிட்டு அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நீர்த்தேக்கத்தின் கரையில், இடது பக்கம் இருந்த கல் பெஞ்சில் அப்பாவை உட்கார வைத்தான். பெஞ்சுக்குப் பின்னால் ரோடு. வலது பக்கம் கரை மேலேயே மண் பாதை நீண்டு பனிக்குள் போயிற்று. கேமரா முக்காலியை நட்டு, மட்டம் பார்த்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டி, வானத்தைப் பார்த்தபடியே பட்டனை அழுத்தினான். முப்பது நொடி. குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால், கேமராவுக்கு நேர் எதிரே, தண்ணீரின் விளிம்பில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கழுத்துவரை பட்டன் போட்டு, கைகளைத் தொடையோடு ஒட்டி, விறைப்பாக. பிள்ளை தன்னைத்தான் படம் எடுக்கிறான் என்று நினைத்துவிட்டார் பாவம்.

"ச்சே! அப்பா, தள்ளுங்க! படத்துல விழுறீங்க!"

காதில் விழவில்லை. பனி கலைய ஆரம்பித்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷத்தில் எல்லாம் சாதாரணமாகிவிடும். மெக்கானிக் வலது கையை நீட்டி, போங்க போங்க என்று வலது பக்கமாக வீசினான். அப்பா உடனே திரும்பி, மண் பாதையில் ஏறி நடந்தார். ஃப்ரேமின் ஓரத்தைத் தாண்டியதும் மெக்கானிக் குனிந்து கேமராவில் கண்ணை வைத்தான். கையை மூடவில்லை. அந்த ஒரு நொடியை இனி என்ன கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

பனி அன்று அவனுக்காகவே மெல்ல மெல்லக் கலைந்தது போலிருந்தது. இருபத்திரண்டு படம் எடுத்தான். ஒவ்வொன்றும் முத்து. நாற்பது நிமிஷம் கழித்து நிமிர்ந்து பெஞ்சைப் பார்த்தபோது அது காலியாக இருந்தது.

வலது பக்கம் ஓடினான், ஒரு வளைவுவரை. வெறும் பாதைதான் கிடந்தது. திரும்பி ரோட்டுக்கு ஓடினான். சைக்கிளில் வந்த ஒருத்தரை நிறுத்திக் கேட்டான்.

"வயசானவரா? கம்பளிச் சட்டையா? பஸ் ஸ்டாப்கிட்ட ஒருத்தர் நின்ன மாதிரி இருந்துச்சுங்க."

அவ்வளவுதான், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சைகையெல்லாம் மறந்து, அப்பா பின்பக்கமாகச் சுற்றி ரோட்டுக்குத்தான் போயிருக்கிறார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். வேலையை விட்டு ஓடி வந்த தங்கையிடமும் போலீஸ் ஸ்டேஷனிலும் சொன்னது ஒரே வாக்கியம்: "பெஞ்சுலதான் உட்கார வச்சிருந்தேன், திரும்பிப் பார்த்தா காணோம்." கை வீசியதை மென்று முழுங்கிவிட்டான். முதல் தடவை வாய் தவறித்தான் விட்டுப்போயிற்று. இரண்டாவது தடவை அப்படியில்லை.

"ஒரு போட்டோ குடுங்க," என்றார் சப் இன்ஸ்பெக்டர். "முகம் தெளிவா தெரியணும்."

தங்கை போனைத் தேடினாள். அப்பா பாதி, கதவு பாதி. அப்பாவின் காது. ஆடிப்போன ஒரு தலை. அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தன் போனைத் தள்ளிக்கொண்டே போனான். ஏரி, மலை, மரம், மேகம், மறுபடி ஏரி.

"பதினாலாயிரம் படம் வச்சிருக்கேன்னு பீத்திக்குவியே," என்றாள் அவள். "அதுல அப்பா ஒண்ணு கூடவா இல்ல?"

வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்க்கிறேன் என்று கிளம்பினான். தேடவே வேண்டாம், இருக்கும் இடம் தெரியும்.

கம்ப்யூட்டரில் அந்தப் படம் விரிந்தது. தண்ணீர் பாலாக, பனி பஞ்சாக, நடுவில் அப்பா. முப்பது நொடியில் யாரானாலும் ஆடியிருப்பார்கள். முப்பத்தைந்து வருஷம் உயரத்தில் உட்கார்ந்து, பாரம் ஆடாமல் பார்த்துக்கொண்ட மனுஷன் துளி அசையவில்லை. கண் இமையின் சுருக்கம்கூட விழுந்திருந்தது. அவன் இதுவரை எடுத்ததில் இதுதான் படம்.

ஆனால் இதை அப்படியே கொடுத்தால்? தங்கை பார்ப்பாள். இடம் தெரியும், பனி தெரியும். "அப்புறம் என்ன நடந்துச்சு?" என்று கேட்பாள். அவன் கற்றுக்கொண்டது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்தான். தண்ணீரை வெட்டினான். கரையை வெட்டினான். நெஞ்சுக்கு மேல் மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் இருந்த பனியை ஒரே சாம்பல் நிறமாகப் பூசி மெழுகினான். விடிகாலையின் நீலத்தை எடுத்துவிட்டு, மதிய வெயில் போல மஞ்சள் கொஞ்சம் சேர்த்தான். முகத்து இருட்டைத் தூக்கினான். பார்த்தால், போன வருஷம் ஏதோ ஸ்டூடியோவில் எடுத்தது போல இருந்தது. பல் டாக்டர் பார்த்தால் சபாஷ் என்றிருப்பார், பாவி.

சாயங்காலத்துக்குள் கறுப்பு வெள்ளையில் முந்நூறு நோட்டீஸ் அடித்து வந்தது. பஸ் ஸ்டாப், மார்க்கெட், ரயில் நிலையம், எல்லாம் ரோட்டுப் பக்கம். தங்கை பசை வாளியோடு தெருத் தெருவாக ஒட்டினாள். அப்பா முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், ஒவ்வொன்றையும் ஓரத்தைப் பிடித்தே ஒட்டினாள். நல்ல குளிர் அடித்தது. இருட்டும்போது அவனுக்கு ஒரு தடவை வாய்வரை வந்தது, சொல்லிவிடலாமா என்று. அவள் பசை காய்ந்த கைகளை ஊதிக்கொண்டிருந்தாள். காலையில் சொல்லலாம் என்று விட்டுவிட்டான்.

விடிந்ததும் அவளே வந்தாள். கையில் சுவரிலிருந்து கிழித்த ஒரு நோட்டீஸ்.

"இந்தப் போட்டோ எப்ப எடுத்தது?"

"பழசு. போன வருஷம்னு நினைக்கிறேன்."

"இதைப் பாரு." ஓரத்தில், நெஞ்சின் மேல், அந்தப் பெரிய கறுப்பு பட்டன். "நேத்து விடிகாலைல நான் தைச்சது. உன் பழைய போட்டோவுக்குள்ள இது எப்படி வந்துச்சு?"

எத்தனையோ கம்பங்களையும் சைக்கிள்களையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடி அழித்தவன், இதைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து முழுப் படத்தையும் காட்டினான். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"எவ்வளவு ஆசையா நிக்கிறாரு," என்றாள். "அப்புறம்?"

"தள்ளிப் போகச் சொல்லிக் கை காட்டினேன்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"கையை மூடினியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தாலும், ஓங்கி ஓர் அறை விட்டிருந்தாலும் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினாள்.

போலீஸ் ஜீப் மண் பாதையில் ஏறியது. வளைவைத் தாண்டியும் பாதை ஒரே நேர்கோடு. ஒரு கிளை இல்லை, ஒரு வீடு இல்லை. ஆறு கிலோமீட்டர் தள்ளி, பம்ப் ஹவுஸின் கம்பி வேலி குறுக்கே வந்து பாதையை அடைத்தது. ஜீப்புக்குள் இருந்தே தெரிந்தது.

அப்பா வேலியில் சாய்ந்து, முழங்கால் மடிந்து, குளிரில் விறைத்துப்போய் இருந்தார். கம்பளிச் சட்டையின் நெஞ்சுப் பக்கம் கம்பியில் மாட்டி, அவரைக் கீழே விழவிடாமல் பிடித்திருந்தது. சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். மெக்கானிக் இறங்கிக் கீழே பார்த்தான். அப்பாவின் கால்களுக்கு அடியில் ஈர மண் இரண்டு குழியாகத் தோண்டப்பட்டிருந்தது, கணுக்கால் ஆழத்துக்கு. வேலி வந்த பிறகும் அவர் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் கை காட்டவில்லையே.

தங்கை அப்பாவின் முன்னால் உட்கார்ந்து, கம்பியிலிருந்து சட்டையை மெதுவாக விடுவித்தாள். சத்தமில்லாமல் அழுதாள். "அப்பா..." என்று முனகிக்கொண்டே மெக்கானிக் அவர்களை நோக்கி நடந்தான்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் அப்பாவின் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையைத் தூக்கி முஷ்டியை மூடினாள்.

மெக்கானிக் நின்றான்.