பெருமாள் போட்ட அரிசி

என் பெயர் சுந்தரி. வயது அறுபத்திமூன்று. எனக்குக் கோபம் அதிகம் என்று ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் எங்கள் தெரு முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும். என் இடத்தில் அவர்கள் இருந்திருந்தால் இந்நேரம் வீட்டையே கொளுத்தியிருப்பார்கள்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை எங்கள் வீட்டில் தளிகை. பெருமாள் படத்துக்கு முன்னால் இலை போட்டு, புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், வடை எல்லாம் படைத்து மாவிளக்கு ஏற்றியதும், வீட்டுப் பெரியவர் ஒரு கதை சொல்ல வேண்டும். அவர் நிறுத்தும் இடத்திலெல்லாம் கூடியிருப்பவர்கள் கோவிந்தா போட வேண்டும். கதை முடியாமல் ஒரு பருக்கை யாரும் வாயில் வைக்கக் கூடாது. நடுவில் யாராவது குறுக்கே பேசிவிட்டால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் அப்பா, நைனா என்போம், அவர் காலத்து வழக்கம். வீட்டுப் பெரியவர் என்றால் ஆம்பிளைதான். தம்பி சந்திரனைவிட நான் ஐந்து வயது மூத்தவள். புருஷன் போன பிறகு அவன் வீட்டிலேயே இருக்கிறேன். என் இடம் அடுப்படி.

கதை இதுதான். மழையில்லாத வருஷம். தறியில் பாவு ஓடவில்லை. நைனா நாமம் போட்ட சொம்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கோவிந்தா சொல்லிப் போகிறார். யார் வீட்டிலும் பிடி அரிசி இல்லை. ஊர்க்கோடியில் எதிரே ஒரு கிழவர் வந்து சொம்பு நிறைய அரிசி போடுகிறார். நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். அன்று முதல் எங்கள் வீட்டுப் பானையில் அரிசி குறையவேயில்லை. வந்தவர் பெருமாள்.

பெருமாளாம்! அந்த அரிசி என் உழைப்பு. என்னைச் சின்ன வயதிலேயே திருப்பதியில் ஒரு துணி வியாபாரி வீட்டில் வேலைக்கு விட்டார் நைனா. மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகிற வழியில் பெரிய வீடு. பாத்திரம், துணி, மாட்டுச் சாணம், படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவியின் மலச்சட்டி, எல்லாம் என் தலையில். மாதம் பிறந்தால் நைனா வருவார். என் கூலிக்கு அரிசியை வாங்கித் துண்டில் கட்டிக்கொண்டு போவார். பெண்ணை வேலைக்கு விட்டுச் சாப்பிடுகிறான் என்று ஊர் பேசுமே என்ற வெட்கம் அவருக்கு. நான் சித்தூரில் அத்தை வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அரிசிக்குப் பெருமாளை இழுத்தார்.

அந்த வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். தினமும் கும்பிட்டேன். இன்றும் கும்பிடுகிறேன். பெருமாள் மேல் எனக்குக் கோபம் இல்லை. செய்யாத வேலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தால் அவருக்கே கூச்சமாக இருக்காதா?

நைனாவையும் மன்னித்துவிட்டேன். பசி அப்படி. சந்திரனை மன்னிக்க முடியாது. சாகும்போது நைனா எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அதற்குப் பிறகும் இருபது வருஷமாக அதே கிழவர், அதே சொம்பு. இவனுக்குப் பன்னிரண்டு பவர்லூம், மாடி வீடு. பெருமாள் அரிசி போட்ட குடும்பம் என்று ஊரில் மரியாதை வேறு. அதை விட மனசு வருமா?

ஒய்டூகே சமயத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போன அவன் மகன் யோகேஷ் இந்த வருஷம் வீடியோ கேமராவோடு வந்திருந்தான்.

"நைனா, நீ சொல்றத அப்டியே சிடில போட்டுடறேன். இனிமே வருசா வருசம் அதையே ஓட விட்டுக்கலாம்" என்று அப்பனிடம் சொன்னான்.

வாயால் சொல்கிற கதையை என்றைக்காவது திருத்தலாம். சிடியில் ஏறிவிட்டால் அப்புறம் திருத்த யார் வருவார்கள்? வெள்ளிக்கிழமையே தம்பியைப் பிடித்தேன்.

"சந்திரா, இந்த ஒரு தபாவாவது உண்மைய சொல்லு."

"இன்னாக்கா நீ, ஜனம் வர்ற நேரத்துல மானத்த வாங்கறியா? நைனா சொன்ன கதைய மாத்துனா பாவம்."

"மலச்சட்டி எடுத்தவ நானு. பாவம் உனக்கா?"

எழுந்து போய்விட்டான்.

மறுநாள் கூடத்தில் நாற்பது பேர். யோகேஷ் கேமராவைத் தூக்கிப் பிடித்தான். சந்திரன் பட்டு வேட்டியில் உட்கார்ந்து ஆரம்பித்தான். மழை பொய்த்தது, கோவிந்தா. பாவு நின்றது, கோவிந்தா. ஊர்க்கோடி வந்தது.

"எதிர்க்க ஒரு பெரியவரு வந்தாரு" என்றான்.

"வரல" என்றேன், அடுப்படி வாசலில் நின்று.

"ஏமைந்தி, ஏமைந்தி?" என்று கூட்டத்திலிருந்த தெலுங்குக்காரர்கள் என்ன ஆச்சு என்று புரியாமல் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். சந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப மழையிலிருந்து ஆரம்பித்தான். திரும்பக் கிழவர் வந்தார்.

"வரல" என்றேன்.

மூன்றாம் முறையும் அப்படியே ஆனதும் அவன் மனைவி பிரேமலதா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அண்ணி, கொழந்தைங்க பசில அழுதுக்கினு கீதுங்க. விட்டுடுங்க."

"எனக்கும் பசி தெரியும்மா. அதத்தான் உன் புருசன சொல்லச் சொல்றேன்."

பொங்கல் ஆறி இறுகிவிட்டது. நான்காம் முறை சந்திரனின் குரல் இறங்கிப்போயிருந்தது. ஊர்க்கோடி வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தான். நான் வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"பெரியவரு யாரும் வரல" என்றான். "எங்க அக்கா சுந்தரி திருப்பதில ஒரு வூட்ல வேல செஞ்ச கூலி அந்த அரிசி."

"கோவிந்தா!" என்று கூடமே கத்தியது. பழக்கம், பசி வேறு. ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பவில்லை. எல்லார் கண்ணும் வடை மேல்.

"கத முடிஞ்சுது. இலை போடுங்க" என்று சந்திரன் எழப்போனான்.

"முடியல. ஒக்காரு" என்றேன். "எந்த வயசுல போனேன், எத்தினி வருசம் இருந்தேன், அதையும் சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒம்பது வயசுல போனா. ஒம்பது வருசம் இருந்தா."

அதற்கு யாரும் கோவிந்தா போடவில்லை.